ஒரு ஜன்னல் பாக்கி

எங்கள் ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. ஊரைச் சுற்றிக் காட்டும் பேருந்தில் பத்தொன்பது வருடமாக வழிகாட்டியாக இருப்பவர், மலை மாளிகையைப் பற்றித் தினமும் வாய் ஓயாமல் பேசுகிறவர், அந்த மாளிகைக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லையாம். முடிவெட்டும் கடையில் விசாரித்தேன். "சத்தியமான உண்மை" என்றார்கள். எதிரே இருந்த பெட்டிக்கடையில் கேட்டேன். "சேச்சே, அவரு அந்த மாளிகையிலேயே பொறந்து வளந்தவரு" என்றார்கள். இரண்டு கடைக்காரர்களும் ஒரே அளவு உறுதியோடு சொன்னதால், ஒரு டிக்கெட் வாங்கிப் பேருந்தில் ஏறுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அவருடைய பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. தலையெண்ணி என்றால்தான் தெரியும். காரணம் ஏறியவுடனே விளங்கிவிட்டது. வண்டி கிளம்புவதற்கு முன் முன்னாலிருந்து பின்னால் எண்ணினார். பிறகு பின்னாலிருந்து முன்னால் எண்ணினார். இரண்டும் முப்பத்தெட்டு என்று வந்தது. அதற்குப் பிறகும் நம்பாமல் கண்ணாடி வழியாக ஓட்டுநரைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டுதான் மாப்ள. இன்னும் யாரும் சாகல, யாரும் பொறக்கல. கிளம்பலாமா?" என்றார் ஓட்டுநர்.

ஓட்டுநர் இவருடைய மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் கிண்டலுக்கு வரம்பு கிடையாது.

"உங்களுக்கென்ன மச்சான், ஸ்டீரிங்கைப் பிடிச்சாப் போதும். போனா என் தலைதானே போகும்."

"உன் தலையையும் சேத்துத்தான் எண்ணிக்கிறியா?"

இந்த எண்ணும் வியாதி பிறவியில் வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், அருவிக்கரையில் புதுமணத் தம்பதி ஒன்றை விட்டுவிட்டு வந்துவிட்டார். சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்திருந்தவர்களை இவர் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்திருக்கிறார். இருவரும் பால் வண்டியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். வரும் வழியில் சமாதானமாகி, ஒற்றுமையாக உட்கார்ந்து புகார் எழுதினார்கள். அது முதல் புகார். இரண்டாவது இன்னும் மோசம். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் ஓசியில் ஏறிய ஒருவன் ஒரு பேராசிரியருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தான். பேராசிரியர் அணைக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். அன்று முதல் தலையை மட்டும் எண்ணாமல், முகத்தையும் பார்த்து எண்ணுகிறார்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. மூன்று புகார் வந்தால் வழிகாட்டி வேலை போய்விடும். பார்சல் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அது கட்டடத்தின் அடியில் இருக்கும் அறை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வந்தபிறகுதான் மழை பெய்ததா என்று தெரியும். இவருக்கு முன்னால் இருந்த வழிகாட்டி அங்கேதான் இருக்கிறார். ஒரு காலத்தில் மைக் இல்லாமலே கடைசி இருக்கைவரை கேட்கப் பேசியவர், இப்போது அட்டைப் பெட்டிகளோடு பேசுகிறாராம்.

தலையெண்ணியின் மனைவியை முந்தின நாளே பார்த்திருந்தேன். "வீட்டுல இருக்கறது மொத்தம் நாலு உருப்படி. காலையில கிளம்பறப்ப எங்க மூணு பேரையும் ரெண்டு தடவை எண்ணிட்டுத்தான் செருப்பு மாட்டுவாரு. பொண்ணு ஒருநாள் ஸ்கூல் டூர் போயிருந்தா. அன்னைக்கு இவரு வாசல் தாண்டவே முக்கால் மணி நேரமாச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று வண்டி வர இருபது நிமிடம் தாமதம்.

அன்றைய பயணத்தில் அருங்காட்சியகம் முடிந்தது, ஏரி முடிந்தது. மலைப்பாதையில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது தலையெண்ணி மைக்கைக் கையில் எடுத்தார். கவலை பிடித்த அந்த மனிதர் எங்கே போனார் என்று தெரியவில்லை. குரல் மாறிவிட்டது.

"படி ஏறினதும் ஒரு குளிர் வந்து உங்க கழுத்தைத் தொடும். பயப்படாதீங்க, அது மாளிகையோட மரியாதை. இடது பக்கம் திரும்பினா கண்ணாடி அறை. மூணாவது கண்ணாடியில ஒரு விரிசல் இருக்கும். வலது பக்கம் ஜன்னல் கூடம். மொத்தம் எழுபத்திரண்டு ஜன்னல். மேற்கு வரிசையில நாலாவது ஜன்னல்ல நின்னு பாருங்க. ஏரி, நாம வந்த ரோடு, நம்ம வண்டி, மூணும் ஒரே பார்வையில தெரியும். அஞ்சே காலுக்கு எல்லாரும் வண்டிக்கு வந்துடணும். நம்மள்ல ஆறு பேருக்கு ஏழு பத்துக்கு ரயில் இருக்கு."

ரயில் பிடிக்க வேண்டிய அந்த ஆறு பேரும் ஒரே குடும்பம். மூன்று வரிசைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையைத் திருப்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்கள். யார் தாமதம் செய்தாலும் யார் என்று தெரிந்துகொள்கிற பார்வை.

மாளிகை வாசலில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி உள்ளே போனோம். தலையெண்ணி வண்டியின் நிழலிலேயே நின்றுவிட்டார். வாசலில் ஒரு பெஞ்சில், நெஞ்சில் பித்தளைப் பட்டை குத்திய நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மாளிகையின் சொந்த வழிகாட்டிகள். வெளி வண்டியின் வழிகாட்டி வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் சங்கத்தின் சட்டம். தாண்டினால் கம்பெனிக்குக் கடிதம் போகும்.

வதந்தியின் பாதி அங்கேயே உறுதியாயிற்று. மீதிப் பாதி உள்ளே போனதும் தெரிந்தது. அவர் சொன்னபடி நான் இடது பக்கம் திரும்பினேன். ஜன்னல் கூடம் வந்தது. வலது பக்கம் போனால் கண்ணாடி அறை. மூன்றாவது கண்ணாடியில் விரிசல் அப்படியே இருந்தது. குளிரும் கழுத்தைத் தொட்டது. எல்லாம் சரி. இடமும் வலமும்தான் தலைகீழ்.

ஐந்து மணிக்கு வண்டிப் பக்கம் திரும்பியபோது விடை கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. தலையெண்ணி படிக்கட்டருகே நின்று, திரும்பி வருகிற ஒவ்வொருவரையும் எண்ணிக்கொண்டே வாயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு? மாடிப்படி மரமா, கல்லா? ஆங்... அந்த விளக்கு இன்னும் தொங்குதா?"

பத்தொன்பது வருடமாக, வெளியே வருகிறவர்கள் சொல்லச் சொல்லச் சேர்த்துக் கட்டிய மாளிகை அது. வெளியே வருகிறவர்களுக்கு எது வலமோ, உள்ளே போகிறவர்களுக்கு அது இடம் அல்லவா? இத்தனை வருடமும் மாளிகையை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பிய சட்டை மாதிரி மக்களுக்குக் காட்டிவந்திருக்கிறார்.

"நீங்க உள்ள போனதே இல்லையா?" என்று நேராகவே கேட்டேன்.

"மாளிகைக்கு ஆயிரக்கணக்குல தடவை வந்திருக்கேன் சார்" என்றார். அது பொய் இல்லை.

"எழுபத்திரண்டு ஜன்னல்னு யார் சொன்னாங்க?"

குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தர் எழுபது இருக்கும்னு சொன்னாரு. எழுபதுன்னா குத்துமதிப்புன்னு நினைப்பாங்க சார். எழுபத்திரண்டுன்னா எண்ணிப் பாத்தவன் சொல்றான்னு நம்புவாங்க."

அவருடைய தொழிலை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. பாராட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகம் வெளிறிவிட்டது. உதடு அசைந்தது. மறுபடி எண்ணினார். முன்னாலிருந்து முப்பத்தேழு. பின்னாலிருந்து முப்பத்தேழு.

மணி ஐந்தே கால்.

"பச்சைப் பை வச்சிருந்த அம்மா. பதினாலாம் நம்பர் சீட்டு. தனியா வந்தாங்க. தையல்கடை வச்சிருக்காங்கன்னு சொன்னாங்களே, அவங்க எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. "ஜன்னல் கூடத்துல ஒரு அம்மா ஏதோ முணுமுணுத்துக்கிட்டு நடந்தாங்க" என்று ஒரு குழந்தை சொன்னது. ஐந்தரை ஆயிற்று. ரயில் குடும்பத்தின் தலைவர் இருக்கையைவிட்டு எழுந்து நின்றார்.

"என்னங்க இது? ஒருத்தருக்காக ஆறு பேர் ரயிலை விடறதா? புகார் புஸ்தகம் இருக்கா உங்ககிட்ட?"

"இருக்குங்க" என்றார் தலையெண்ணி. அந்த ஒரு சொல்லுக்குள் பார்சல் கிடங்கு முழுவதும் இருந்தது. விட்டுவிட்டுப் போனால் தையல்கார அம்மா எழுதுவார். காத்திருந்தால் இந்த ஆறு பேர் எழுதுவார்கள். உள்ளே போய்த் தேடினால் பித்தளைப் பட்டைக்காரர்கள் எழுதுவார்கள். யார் எழுதினாலும் மூன்றாவது.

"மலையிறங்கி ஸ்டேஷன் போக ஒரு மணி பத்து நிமிஷம்" என்றார் ஓட்டுநர். முதல் தடவையாக அவர் குரலில் கிண்டல் இல்லை. "அஞ்சு அம்பதுவரைக்கும் என்னால தாக்குப் பிடிக்க முடியும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல. தொப்பியையும் விசிலையும் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு, பொதுஜனம் மாதிரி உள்ள போ மாப்ள. இந்த சாரையும் கூட்டிட்டுப் போ. தனியாப் போனா நீயும் தொலஞ்சிடுவ."

"ஒண்ணைத் தேட ரெண்டு போனா..."

"எண்ணாதே. ஓடு."

வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். விலையைக் கேட்டதும், "இவ்வளவா?" என்றார். அந்த விலையை அன்று காலையில் மைக்கில் எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். சட்டைப் பையில் கம்பெனி பெயர் தைத்திருந்ததால் இடது கையை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.

"நெஞ்சு வலியா?" என்று டிக்கெட் கிழிப்பவர் கேட்டார்.

"இனிமேத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.

ஜன்னல் கூடம் எங்கே என்று நான் சொல்வதற்குள் வலது பக்கம் பாய்ந்துவிட்டார். பத்தொன்பது வருடமாக வாயால் திரும்பிய பக்கம் அது. கண்ணாடி அறையின் நடுவில் போய் நின்றார். நாலா பக்கமும் நெஞ்சில் கை வைத்த தலையெண்ணிகள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். பழக்கதோஷம் விடுமா? "பதினொண்ணு" என்று எண்ணிவிட்டுத்தான் நகர்ந்தார்.

"இந்தப் பக்கம்" என்றேன்.

"இது இடது பக்கமாச்சே சார்!"

"ஆமா."

கட்டிய வீட்டில் கதவை வேறு பக்கம் வைத்துவிட்ட மேஸ்திரி மாதிரி ஒரு நொடி நின்றார். பிறகு ஓடினார்.

தையல்கார அம்மா கூடத்தின் கடைசியில், ஒரு ஜன்னலின் அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். கையில் தையல் சாக்குக்கட்டி. அவருக்குப் பின்னால் நீண்டு கிடந்த கூடத்தில், ஒவ்வொரு ஜன்னலின் ஓரத்திலும் துணியில் போடுவதுபோலச் சின்னதாக ஒரு நீலக்கோடு.

"வாங்க தம்பி. உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "எழுபத்தொண்ணுதான் இருக்கு."

"அம்மா, மணி என்ன தெரியுமா? வண்டியில எல்லாரும்..."

"மூணு தடவை எண்ணிட்டேன். ரெண்டு தடவை வாயால எண்ணினேன். குழம்பிடுமேன்னு மூணாவது தடவை கோடு போட்டு எண்ணினேன். எழுபத்தொண்ணு. நீங்க சொன்னதெல்லாம் இடம் வலமா மாறி இருந்துச்சு. சரி, வாசலைப் பாத்து நின்னு சொல்லியிருப்பாருன்னு விட்டுட்டேன். எண்ணிக்கை எப்படித் தம்பி மாறும்?"

"அம்மா, உங்க கால்ல வேணா விழறேன். எந்திரிங்க."

"முப்பது வருஷத்துல கடையைப் பூட்டிட்டு வந்தது இந்த ஒருநாள்தான். சட்டைக்கு ஏழு பட்டன்னா ஏழு தச்சுக் குடுக்கறவ நான். ஆறு தச்சுக் குடுத்தா சும்மா விடுவீங்களா? எழுபத்திரண்டு பாக்கத்தான் வந்தேன். இன்னொண்ணைக் காட்டுங்க, வந்துடறேன்."

தலையெண்ணி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் கூடத்தின் மறுமுனையிலிருந்து பூட்ஸ் சத்தம் வந்தது. பித்தளைப் பட்டை நால்வரில் மூத்தவர். முப்பது வருடமாக அந்த மாளிகையைக் காட்டுகிறவர்.

"யோவ்! நீ வெளி வண்டி ஆளு இல்ல? கையை எடு, பையைப் பாக்கணும்."

கை மெதுவாக இறங்கியது. கம்பெனியின் பெயர் வெளியே வந்தது.

"நாளைக்குக் காலையில உங்க மேனேஜர் மேசையில லெட்டர் இருக்கும்" என்றார் பித்தளை. பிறகுதான் அவர் கண் ஜன்னல் ஓரங்களில் விழுந்தது. "இது யாரு வேலை? சுவத்துல கிறுக்கி வச்சிருக்கு!"

"தையல் சாக்குக்கட்டிதான். தட்டினாப் போயிடும்" என்றார் அம்மா, இருந்த இடத்தைவிட்டு அசையாமல். "நீங்க இங்கயே வேலை பாக்கறவரா? நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க, இந்தக் கூடத்துல மொத்தம் எத்தனை ஜன்னல்?"

பித்தளை நெஞ்சை நிமிர்த்தினார். "எண்பத்திநாலு."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"எங்கப்பா சொன்னாரு. அவரும் இங்கதான் வேலை பாத்தாரு."

"அவரு எண்ணினாரா?"

பித்தளை தன் பட்டையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, எண்ணிடலாம். கோடு போட்டுத்தான் வச்சிருக்கேன், சுலபம். எண்பத்திநாலு இருந்தா உங்க பேரை எழுதி வைக்கறேன். இல்லேன்னாலும் உங்க பேரைத்தான் எழுதி வைக்கணும்." பச்சைப் பையிலிருந்து அளவு எழுதும் நோட்டு வெளியே வந்தது.

பித்தளை நோட்டைப் பார்த்தார். நீலக்கோடுகளின் வரிசையைப் பார்த்தார். கடைசியில் தலையெண்ணியைப் பார்த்தார். ஒரே ஆற்றில் மீன் பிடிக்கிற இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற பார்வை அது.

"மூடற நேரமாச்சு" என்றார். குரல் கந்தலாகியிருந்தது. "நான் இந்தப் பக்கமே வரல. நீ உள்ளயே வரல. அம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்புய்யா. கோட்டை நானே துடைச்சுக்கறேன்."

மணி ஐந்து நாற்பத்திரண்டு. அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, அந்த ஒரு ஜன்னல் என் கணக்கு" என்றார் தலையெண்ணி. "நான் சொன்னதுதான். கண்டுபிடிச்சு உங்ககிட்ட ஒப்படைக்க வேண்டியது என் பொறுப்பு. இப்ப வாங்க."

"வாக்கா?"

"வாக்கு."

அம்மா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்தார். மேற்கு வரிசையைக் கடக்கும்போது தலையெண்ணியின் கால் தானாக நின்றது. நாலாவது ஜன்னல். ஏரி தெரிந்தது. ரோடு தெரிந்தது. தீப்பெட்டி அளவில் அவருடைய வண்டி தெரிந்தது. அத்தனை வருடமும் அவர் நின்ற நிழல் ஒரு கைக்குட்டை அகலம்தான் இருந்தது. அதைச் சுற்றி எறும்பு மாதிரித் தலைகள். ரசிக்கிறார் என்று நினைத்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"மச்சானைக் கழிச்சா முப்பத்தாறு" என்றார். "நம்மளோட முப்பத்தெட்டு. ஓடுங்க."

மலையிறங்கிய அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதாமலிருப்பது நல்லது. ஓட்டுநர் வளைவுகளை எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. ரயில் குடும்பம் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தது. தலையெண்ணி அந்தக் குடும்பத்தைப் பார்த்தார். தையல்கார அம்மா மட்டும் பதினாலாம் நம்பர் இருக்கையில் நிம்மதியாகத் தூங்கினார். ஏழு மணிக்கு ஸ்டேஷன் வாசல். ஆறு பேரும் குதித்து ஓடினார்கள். ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் கூட்டத்தில் மறையும்வரை தலையெண்ணி படியில் தொங்கிக்கொண்டு எண்ணினார். புகார் எழுத அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

எழுத நேரம் கிடைத்தது ஒருவருக்குத்தான். இறங்கும்போது புகார் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பொறுமையாக எழுதிக் கையெழுத்தும் போட்டார் தையல்கார அம்மா. தலையெண்ணி அதைத் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் காலையில் மேனேஜர்தான் சத்தமாக வாசித்தார். "ஜன்னல் ஒன்று குறைகிறது. மற்றபடி பயணம் திருப்தி."

இது புகாரா, பாராட்டா என்று மேனேஜருக்குப் புரியவில்லை. புகார் என்றால் கம்பெனி ஜன்னலைத் தேட வேண்டும். பாராட்டு என்றால் எதற்குப் புகார் புத்தகத்தில் இருக்கிறது? மாளிகை அலுவலகத்துக்கு எழுதி, சரியான எண்ணிக்கையைக் கேட்டார். எண்ணிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் காகிதம் இன்றும் 'பரிசீலனையில்' என்ற கோப்பில் இருக்கிறது. மேனேஜர் அறைப் பக்கம் போகும்போதெல்லாம் தலையெண்ணி அந்தக் கோப்பு மேசையில் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். மேசையில் இருந்தால் அன்று சாப்பாடு இறங்குவதில்லை.

பேச்சை மாற்றிக்கொண்டார். இப்போது இடது பக்கம் ஜன்னல் கூடம், வலது பக்கம் கண்ணாடி அறை. "மொத்தம் எழுபத்தோரு ஜன்னல். எழுபத்திரண்டாவதைத் தேடிக்கிட்டிருக்காங்க" என்று உண்மையைச் சொல்கிறார். விளைவு, வண்டியில் வருகிற பாதிப்பேர் அதைத் தேடிப் பிடித்துவிடலாம் என்று உள்ளேயே சுற்றுகிறார்கள். முன்பெல்லாம் ஐந்தே காலுக்கு ஒரு தலைதான் குறையும். இப்போது பத்துக் குறைகிறது. "பொய்யே சொல்லியிருக்கலாம் மாப்ள, வண்டியாவது நேரத்துக்குக் கிளம்பியிருக்கும்" என்கிறார் ஓட்டுநர்.

போன வாரம் அவரை வண்டி நிறுத்தத்தில் பார்த்தேன். கம்பெனி கொடுத்த புதுத் துணியில் புதுச் சட்டை. யாருடைய தையற்கடை என்று தெரியாமல் மனைவி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். நெஞ்சுக்கு நேரே, மூன்றாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு.

"பட்டன் விழுந்துடுச்சா?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அளவு நோட்டிலிருந்து கிழித்த தாள். 'ஆறு பட்டன் தைத்தாயிற்று. ஏழாவது, ஜன்னல் வந்ததும்.'

"வேற கடையில தச்சுக்கலாமே?"

"தச்சுக்கலாம் சார். வாக்குக் குடுத்திருக்கேனே" என்றார். பயணிகள் ஏற ஆரம்பித்தார்கள். இடது கையால் ஊக்கை மறைத்துக்கொண்டு, வலது கையால் எண்ணத் தொடங்கினார்.